விருந்தில் இடம்பிடித்த கம்பு, கிடங்கில் இடம்பிடிக்குமா?

புது தில்லி: 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி. மாநிலங்களவையில் முற்பகல் முழுவதும் கூச்சல். எதிர்க்கட்சித் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே ராஜஸ்தானில் பேசிய பேச்சுக்காக அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆளுங்கட்சி உறுப்பினர்கள் முழங்கிக் கொண்டிருந்தனர். நண்பகலில் அதே கார்கேயும் பிரதமர் நரேந்திர மோடியும் ஒரே மேஜையில் அமர்ந்து உணவருந்தினர். அப்போதைய வேளாண் அமைச்சர் நரேந்திர சிங் தோமர் அளித்த சிறுதானிய விருந்து அது. கேழ்வரகு ரொட்டியும் சோள ரொட்டியும் சுடுவதற்கென்றே கர்நாடகத்திலிருந்து சமையற்காரர்கள் வரவழைக்கப்பட்டிருந்தனர்.

அவையில் ஒன்றுசேராதவர்களைப் பந்தியில் ஒன்றுசேர்த்த பெருமை மானாவாரித் தானியங்களுக்கு உண்டு. ஆனால், அந்தத் தானியங்களுள் பரப்பளவில் முதலிடம் வகிக்கும் கம்பு, வயலில் என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்தால், விருந்தின் சுவை சற்றுக் குறைந்துபோகும்.

நாட்டில் 1960-61-இல் சுமார் 1 கோடியே 15 லட்சம் ஹெக்டேரில் கம்பு விதைக்கப்பட்டது. 2020-21-இல் அது சுமார் 76 லட்சம் ஹெக்டேராகவும், அதற்கடுத்த ஆண்டில் 70 லட்சத்துக்கும் கீழாகவும் குறைந்துவிட்டது. அதே காலத்தில் விளைச்சலோ 33 லட்சம் டன்னிலிருந்து ஒரு கோடி டன் அளவுக்கு உயர்ந்தது. ஹெக்டேருக்கு 300 கிலோகூடத் தேறாத பயிர், இன்று 1,400 கிலோவைத் தொட்டுவிட்டது. நிலம் குறைந்தது, தானியம் பெருகியது. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்க்காமல் கம்பு அழிந்துவிட்டது என்று புலம்புவதும் தவறு. கம்பு மீண்டுவிட்டது என்று விழா எடுப்பதும் தவறு.

தானியம் விளைந்த ஊரில் கிடங்கு

பெங்களூரின் கிழக்கு எல்லையில் உள்ள வைட்ஃபீல்ட் இன்று கணினி நிறுவனங்களின் ஊர். 1990-களில் சர்வதேசத் தொழில்நுட்பப் பூங்கா எழும்பத் தொடங்கியது முதல் அதன் முகமே மாறிவிட்டது. 2023 மார்ச் மாதம் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழும் இந்தப் பகுதியின் பூர்வீகத்தை அங்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. வைட்ஃபீல்ட் உருவானதே வேளாண் குடியிருப்பாகத்தான்.

1882-இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார், ஆங்கிலோ இந்தியர்கள் குடியேறி உழுது பிழைப்பதற்காக 3,900 ஏக்கர் நிலத்தை அளித்தார். இதற்கு முயற்சி எடுத்த டி.எஸ். ஒயிட் என்பவரின் பெயரே ஊருக்கு நிலைத்தது. அரசு அலுவல்களை மட்டும் நம்பியிருந்த ஒரு சமூகம் ஏர் பிடித்து வாழ வேண்டும் என்பது திட்டம். ஆனால், வானம் பார்த்த செம்மண்ணில் புதிதாக ஏர் பிடித்தவர்களால் நிலைக்க இயலவில்லை. சுற்றியிருந்த கிராமத்து விவசாயிகளோ அதே மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் கேழ்வரகை விதைத்து, ஊடே அவரையும் துவரையும் எள்ளும் வரிசை போட்டு வாழ்ந்து வந்தனர். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் இந்த ஊடுபயிர் முறையைக் கன்னடத்தில் "அக்கடி சாலு" என்பார்கள். மானாவாரி வேளாண்மை என்பது மழையை நம்பி இருப்பதல்ல. மழை பொய்க்கும் என்று அறிந்து விதைப்பது என்ற பாடம் அந்த வரிசைகளில் இருந்தது.

இன்று அந்த வயல்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள். தரைத்தளத்துக் கடைகளில் கம்பு அவல், கம்பு சேமியா, கம்பு ரொட்டி மாவு எல்லாம் கிடைக்கின்றன. வடகர்நாடகத்தில் "சஜ்ஜே" என்று அழைக்கப்படும் கம்பை, சங்கராந்தியன்று எள் தூவிய ரொட்டியாக உண்ணும் வழக்கம் உண்டு. தெற்கே பெங்களூர், கோலார் பக்கம் கேழ்வரகுக் களி. வடக்கே கொப்பள், விஜயபுரா, கலபுரகி, ராய்ச்சூர் பக்கம் சோளமும் கம்பும். தென்னக மேசைகளைப் பிரித்த அந்தப் பழைய எல்லைக்கோடு நகரத்துக் கடை அலமாரியில் மட்டும் அழிந்திருக்கிறது.

அதே வைட்ஃபீல்டில், கடுகோடியில், இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கும் இருக்கிறது. உணவுக் கழகக் கிடங்குகள் என்றால் அரிசியும் கோதுமையும் என்றே பொருள். இங்கேதான் பிரச்னையின் முடிச்சு விழுகிறது. கம்பு கடையில் ஏறியிருக்கிறது. ஆனால் கிடங்கில் ஏறவில்லை. கடை என்பது வாங்க இயன்றவர்களுக்கு. கிடங்கு என்பது நியாயவிலைக் கடையை நம்பி இருப்பவர்களுக்கு. விவசாயிக்கு ஆதார விலை கிடைப்பதும் இந்தக் கிடங்கின் கதவு திறப்பதைப் பொறுத்தே இருக்கிறது.

சட்டத்தில் இருக்கிறது, சாக்கில் இல்லை

2013-இல் நிறைவேறிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் புரட்டினால், அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், சிறுதானியம் 1 ரூபாய் என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதாவது, பொது விநியோகத்தில் கம்பும் சோளமும் வழங்கப்படலாம் என்பதை நாடாளுமன்றம் அன்றே ஏற்றுக்கொண்டது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையமும் இதையே வலியுறுத்தியது. அதற்குமுன் 2011-12 நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி சத்துமிகு தானியங்களுக்காக 300 கோடி ரூபாய் ஒதுக்கினார்.

அதன் பிறகும் அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. 2018-ஐ தேசியச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த மத்திய அரசு, அதே ஆண்டு ஏப்ரலில் "பருமட்டத் தானியம்" என்ற இழிவான பெயரை நீக்கி, "சத்துமிகு தானியம்" என்று அரசிதழில் அறிவித்தது. இந்தியா முன்மொழிந்து 72 நாடுகள் ஆதரித்த தீர்மானத்தை 2021 மார்ச்சில் ஐ.நா. பொதுச் சபை ஏற்க, 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டாயிற்று. அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் நிர்மலா சீதாராமன் இவற்றை "ஸ்ரீ அன்ன" என்று அழைத்து, ஹைதராபாதில் உள்ள சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனத்தை உயர் சிறப்பு மையமாக்குவதாக அறிவித்தார். 2023 அக்டோபரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், 70 சதவீதமாவது சிறுதானியம் கலந்த மாவுக்கான வரியைக் குறைத்தது: சில்லறையாக விற்றால் வரி இல்லை, முத்திரையிட்ட பொட்டலத்தில் விற்றால் 5 சதவீதம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழில் கம்பையும் சாமையையும் தினையையும் ஒரே கூடையில் போட்டு "சிறுதானியம்" என்றே எழுதி வருகிறோம். வேளாண் அறிவியலில் கம்பும் சோளமும் பெருந்தானிய வகை. சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவை சிறு வகை. இது வெறும் சொல் விவகாரம் அல்ல. கர்நாடக அரசு 2019-20-இல் "ரைத சிரி" திட்டத்தின்கீழ் சிறு வகைத் தானியம் பயிரிடுவோருக்கு ஹெக்டேருக்கு 10,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது போன்ற நேரங்களில், எந்தத் தானியம் எந்தப் பட்டியலில் வருகிறது என்பதே விவசாயியின் கணக்கைத் தீர்மானிக்கிறது.

சரி, சட்டம் இருக்கிறது, பெயர் மாறியது, வரி குறைந்தது. கொள்முதல்?

மத்திய தொகுப்புக்காகச் சிறுதானியம் கொள்முதல் செய்ய விரும்பும் மாநில அரசு, முன்கூட்டியே திட்டம் அனுப்ப வேண்டும். கொள்முதல் செய்ததைக் குறிப்பிட்ட காலத்துக்குள் நியாயவிலைக் கடை வழியாக வழங்கிவிட வேண்டும். அரிசி, கோதுமையைப்போல ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைக்க முடியாது என்பதால் இந்த விதி. 2021-க்குப் பின் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தி, சோளத்துக்கும் கேழ்வரகுக்கும் விநியோகக் காலத்தை நீட்டித்தது. அந்த நீட்டிப்பு அறிவிப்பில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவை அவ்விரண்டு தானியங்கள்தாம்.

கம்பு ஏன் அந்தச் சலுகையில் முன்னுக்கு வரவில்லை என்பதற்கு, அமைச்சகக் கோப்புகளைவிடக் கம்பு மணிக்குள்ளேயே விடை இருக்கிறது.

மாவாகி ஒரு வாரம்

கம்பில் கொழுப்புச் சத்து சுமார் 5 சதவீதம். அரிசி, கோதுமையைவிட இது அதிகம். மணியை அரைத்தவுடன் அந்தக் கொழுப்பை அதிலுள்ள நொதி சிதைக்கத் தொடங்கிவிடும். சில நாள்களில் மாவு காறிப்போய்க் கசப்பு ஏறிவிடும். அதனால்தான் நம் பாட்டிமார் அன்றாடம் தேவையான அளவுக்கு மட்டும் கம்பை உரலில் குத்திப் புடைத்துக் கூழ் காய்ச்சினர். நீர் தெளித்துக் குத்தி உமி நீக்கும் அந்த உழைப்பு முழுவதும் பெண்களுடையது. இலவச அரிசி வந்தபோது கம்பங்கூழ் மறைந்ததற்கு "நாகரிக மோகம்" மட்டுமே காரணம் என்று எழுதுபவர்கள், உலக்கை பிடித்த கைகளைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மணியாக வைத்திருந்தால் கம்பு கெடாது; மாவாக விற்பதுதான் சிக்கல். ஆவியில் வேகவைத்தோ, வெந்நீரில் இட்டு எடுத்தோ, உலர்வெப்பத்தில் வறுத்தோ அந்த நொதியைச் செயலிழக்கச் செய்யும் முறைகள் ஆய்வகங்களில் உருவாக்கப்பட்டுவிட்டன. பெருநகரக் கடைகளில் மாதக்கணக்கில் கெடாத கம்பு மாவு கிடைப்பது இப்படித்தான். ஆனால், அந்த இயந்திரம் வைட்ஃபீல்ட் போன்ற நுகர்வு நகரங்களுக்குச் சரக்கு அனுப்பும் ஆலைகளில் இருக்கிறதே தவிர, கம்பு விளையும் ஒன்றியத்தில் இல்லை. விவசாயி மூட்டையாக விற்றதை, பொட்டலமாக வாங்கினால் விலை பல மடங்கு. இடையில் கூடும் மதிப்பில் அவருக்குப் பங்கில்லை.

அப்படியானால் எஞ்சிய கம்பு எங்கே போகிறது? கணிசமான பகுதி கோழித் தீவனத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் மாவுச்சத்து, சாராய ஆலைகளுக்கும் போகிறது. அந்தச் சந்தையில் கம்பின் விலையை நிர்ணயிப்பது மக்காச்சோளத்தின் விலை. மனித உணவாக மதிப்புப் பெற்ற தானியம், தீவன விலைக்குக் கைமாறுகிறது.

விலை உயர்ந்தது, வாங்குவோர் யார்?

குறைந்தபட்ச ஆதார விலை அட்டவணையைப் பார்த்தால் கம்புக்கு அரசு அள்ளிக் கொடுத்ததுபோலத் தோன்றும். 2017-18-இல் குவிண்டாலுக்கு 1,425 ரூபாய். அடுத்த ஆண்டே 1,950. 2023-24-இல் 2,500, 2024-25-இல் 2,625, 2025-26 கரீப் பருவத்துக்கு 2,775. சாகுபடிச் செலவுக்குமேல் கிடைக்கும் லாபவீதம் கரீப் பயிர்களுள் கம்புக்கே அதிகம் என்று மத்திய அரசு ஒவ்வோர் ஆண்டும் பெருமையுடன் குறிப்பிடுகிறது. 2024-25-இல் 77 சதவீதம், 2025-26-இல் 63 சதவீதம் என்பது அதன் கணக்கு.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் மறைந்திருக்கின்றன. முதலாவது, இங்கே செலவு என்பது விவசாயி கையிலிருந்து கொடுத்த பணமும் குடும்ப உழைப்பின் மதிப்பும் மட்டுமே. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பும் முதலீட்டின் வட்டியும் சேர்ந்த முழுச் செலவின்மீது 50 சதவீதம் வேண்டும் என்பதே விவசாயச் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருவது. இரண்டாவது, ஆதார விலை என்பது அரசு வாங்கினால்தான் விலை. வாங்காவிட்டால் அது அரசிதழில் அச்சான ஓர் எண்.

ராஜஸ்தானைப் பாருங்கள். நாட்டின் கம்புப் பரப்பில் பாதிக்கும்மேல் அங்குதான் இருக்கிறது. பாலைக்கு ஓரமாக உள்ள பார்மர், ஜோத்பூர், நாகௌர் போன்ற மாவட்டங்களில் கம்பை விட்டால் வேறு தானியம் இல்லை. ஆனால், பல ஆண்டுகளாக அங்கு கம்புக்குச் சொல்லிக்கொள்ளும்படியான ஆதார விலைக் கொள்முதல் நடக்கவில்லை. மாநிலம் திட்டம் அனுப்பினால் அனுமதிப்போம் என்பது மத்திய அரசின் நிலை. கொள்முதல் செய்ததை எங்கள் கடைகளிலேயே விற்றாக வேண்டும் என்றால் எப்படி என்பது மாநிலத்தின் தயக்கம். ஜெய்ப்பூரில் காங்கிரஸ் ஆண்டபோதும் பாஜக ஆண்டபோதும் இந்தப் பந்து இரு பக்கமும் மாறி மாறி உதைபட்டிருக்கிறது. 2023 சட்டப்பேரவைத் தேர்தலில் இது பிரசார மேடைக்கும் வந்தது.

பக்கத்து மாநிலமான ஹரியாணா கம்பைக் கொள்முதல் செய்தது. விளைவு, எல்லைக்கு அப்பாலிருந்து ராஜஸ்தான் கம்பு ஹரியாணா மண்டிகளுக்கு வந்து சேர்வதாகப் புகார் எழுந்தது. 2021-இல் அப்போதைய முதல்வர் மனோகர் லால் கட்டர், கொள்முதலுக்குப் பதிலாக, பதிவு செய்த விவசாயிக்குக் குவிண்டாலுக்கு 600 ரூபாய் ஈட்டுத்தொகை தரும் முறையை அறிவித்தார். அந்த ஆண்டு ஆதார விலை 2,250 ரூபாய். சந்தையில் 1,650 ரூபாயாவது கிடைக்கும் என்று வைத்துக்கொண்ட கணக்கு அது. அதற்கும் கீழே விற்றவருக்கு வித்தியாசம் அவர் தலையில்.

கர்நாடகத்தில் நிலைமை சற்று வேறு. அங்கு கேழ்வரகும் சோளமும் கொள்முதல் செய்யப்பட்டு, நியாயவிலைக் கடைகளில் தெற்கே கேழ்வரகாகவும் வடக்கே சோளமாகவும் வழங்கப்படுகின்றன. மற்ற மாநிலங்களுக்கு இது நல்ல முன்மாதிரி. 2023-இல் பதவியேற்ற சித்தராமையா அரசு, தலைக்கு 10 கிலோ தானியம் என்ற தேர்தல் வாக்குறுதியை நிறைவேற்ற மாதம் 2.28 லட்சம் டன் அரிசி கேட்டு உணவுக் கழகத்தை அணுகியது. ஜூன் 12-ஆம் தேதி சம்மதம் வந்தது. மறுநாளே மாநிலங்களுக்கான வெளிச்சந்தை விற்பனையை மத்திய அரசு நிறுத்தியது. பெரிய அரசியல் மோதல் மூண்டது. ஐந்து கிலோ அரிசிக்குப் பதில் கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் 170 ரூபாயை வங்கிக் கணக்கில் செலுத்தியது மாநில அரசு. பின்னர் 2025 பிப்ரவரியில், மத்திய அரசு கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு அரிசி தர முன்வந்ததும், பணத்துக்குப் பதில் அரிசியே வழங்க முடிவாயிற்று.

இந்த விவகாரம் முழுவதிலும் பேச்சு அரிசியைச் சுற்றியே இருந்தது. கேழ்வரகும் சோளமும் கொஞ்சம் சேர்க்கலாம் என்று பேசப்பட்டது. கம்பின் பெயர் அதிகம் அடிபடவில்லை. வடகர்நாடகத்தின் வறண்ட தாலுகாக்களில் விளையும் தானியத்தை அந்த ஊர்க் குடும்ப அட்டைதாரர்களுக்கே வழங்குவது பற்றி தில்லியும் யோசிக்கவில்லை, பெங்களூரும் யோசிக்கவில்லை என்பது இச்செய்தியாளரின் வருத்தம்.

விதையில் வென்ற பயிர்

அரசியல் கைவிட்ட பயிரை அறிவியல் கைவிடவில்லை. கம்பின் தாயகம் ஆப்பிரிக்காவின் சஹாரா பாலைக்குத் தெற்கே உள்ள சஹேல் பகுதி. சுமார் 4,500 ஆண்டுகளுக்குமுன் அங்கே பயிராக்கப்பட்டது. அங்கிருந்து கடல்கடந்து வந்த கம்பின் எச்சங்கள், கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டம் ஹள்ளூரில் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த மண்ணடுக்கில் கிடைத்துள்ளன. ஆக, தென்னிந்தியாவுக்குக் கம்பு புதிதல்ல.

1933-க்குப் பின் சில ஆண்டுகளில் ஆங்கிலேய அரசு மானாவாரி வேளாண் ஆராய்ச்சிக்காக ஐந்து நிலையங்களைத் தொடங்கியது. பம்பாய் மாகாணத்தில் சோலாப்பூர், பிஜப்பூர், ஹைதராபாத் சமஸ்தானத்தில் ராய்ச்சூர், பஞ்சாபில் ரோத்தக், சென்னை மாகாணத்தில் பெல்லாரிக்கு அருகிலுள்ள ஹகரி. ஐந்தில் மூன்று இன்றைய கர்நாடகத்தில் இருக்கின்றன. வரப்பு கட்டி மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைப்பது, இடைவெளி விட்டு விதைப்பது, குறைந்த விதை அளவு என்று அவர்கள் வகுத்த முறைகள் பயனுள்ளவையே. ஆனால், அவற்றால் கிடைத்த கூடுதல் விளைச்சல் சொற்பம். விதை மாறாமல் உழவு மட்டும் மாறி என்ன பயன் என்ற கேள்வி எஞ்சியது.

விடை 1965-இல் வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய ஆண்மலட்டுத் தாய்வழியைக் கொண்டு, லூதியானாவில் தில்பாக் சிங் அத்வால் நாட்டின் முதல் ஒட்டுக் கம்பான எச்.பி. 1-ஐ வெளியிட்டார். மகசூல் பாய்ந்தது. 1970-71-இல் உற்பத்தி 80 லட்சம் டன்னை எட்டியது. பசுமைப் புரட்சி என்றால் கோதுமை, நெல் மட்டும் என்று எண்ணியிருப்போருக்கு இது வியப்பளிக்கலாம்.

அதன் பின் வந்தது பேரிடி. எல்லா ஒட்டுரகங்களும் ஒரே தாய்வழியிலிருந்து வந்தவை. அடிச்சாம்பல் நோய் அந்தத் தாய்வழியின் பலவீனத்தைக் கண்டுகொண்டது. 1971-லும் மீண்டும் 1974-லும் நோய் கொள்ளையாகப் பரவியது, வறட்சியும் சேர்ந்துகொண்டது. நான்கே ஆண்டுகளில் உற்பத்தி பாதிக்கும் கீழே விழுந்தது. கதிர் இருக்க வேண்டிய இடத்தில் இலைக்கொத்து மட்டும் முளைத்து நின்ற வயல்களைக் கண்ட விவசாயிகள் பலர் ஒட்டு விதையைத் தொடவே அஞ்சினர்.

அந்தக் காலகட்டத்தில்தான், 1972-இல், ஹைதராபாத் அருகே படான்சேருவில் பன்னாட்டு ஆய்வு மையமான இக்ரிசாட் தோன்றியது. அதன் முதல் பெரும் பணிகளுள் ஒன்று, பல தாய்வழிகளை உருவாக்கி இந்த ஒற்றை நூல் ஆபத்தை அறுப்பது. ஒட்டு விதையை ஆண்டுதோறும் வாங்க வேண்டியிராத, நோய் தாங்கும் டபிள்யூ.சி.-சி 75 என்ற ரகம் 1982-இல் வெளியாகி ஒரு தலைமுறை விவசாயிகளைக் காப்பாற்றியது.

ஹரியாணாவின் ஹிசார் வேளாண் பல்கலைக்கழகம் 1990-இல் வெளியிட்ட எச்.எச்.பி. 67 மற்றொரு திருப்பம். 65 நாள்களுக்குள் முற்றும் ரகம் அது. மழை தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும் பாலை ஓரப் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. அதையும் அடிச்சாம்பல் நோய் நெருங்கியபோது, மரபணுக் குறியீடுகளின் துணையுடன் நோய் எதிர்ப்புத் திறனைச் சேர்த்து, 2005-இல் மேம்படுத்தப்பட்ட எச்.எச்.பி. 67 வெளியானது. பொதுத்துறையில் இந்த நுட்பத்தால் உருவாகி இந்தியாவில் வயலுக்கு வந்த முதல் ஒட்டுரகம் இதுவே. இது மரபணு மாற்றப் பயிர் அல்ல. குறியீட்டைப் பார்த்துத் தேர்வு செய்யும் வழக்கமான இனக்கலப்பு. இந்த வேறுபாட்டை அவையில் பேசும் உறுப்பினர்கள் சிலரே இன்னமும் குழப்பிக்கொள்வது உண்டு.

அடுத்து, சத்து. இரும்புச் சத்து மிகுந்த "தனசக்தி" ரகம் 2014-இல் நாடு முழுவதற்குமாக வெளியிடப்பட்டது. 2018-இல் அகில இந்திய ஒருங்கிணைந்த கம்பு ஆராய்ச்சித் திட்டம், இனி வெளியிடப்படும் கம்பு ரகங்களில் கிலோவுக்குக் குறைந்தது 42 மில்லிகிராம் இரும்பும் 32 மில்லிகிராம் துத்தநாகமும் இருந்தாக வேண்டும் என்று விதி வகுத்தது. ரத்தசோகை இவ்வளவு பரவியுள்ள நாட்டில், ஓசையின்றி எடுக்கப்பட்ட இந்த முடிவு, விருந்துகள் பலவற்றைவிட மதிப்புமிக்கது.

இடம்பெயரும் கம்பு

இப்போதைய போக்கு என்ன? கம்பு இரண்டு திசைகளில் நகர்கிறது. ஒன்று, நீர் வசதியும் ஓரளவு மண்வளமும் உள்ள இடத்திலிருந்து வெளியேறி, வேறெதுவும் விளையாத நிலத்துக்குத் தள்ளப்படுகிறது. மகாராஷ்டிரத்தில் சோயா மொச்சையும் மக்காச்சோளமும் அதன் இடத்தைப் பிடித்தன. கலபுரகியில் துவரை; கொப்பள், கதக் பக்கம் மக்காச்சோளம். மற்றொன்று இதற்கு நேர்மாறானது. குஜராத்தின் பனஸ்காண்டாவில் உருளைக்கிழங்கு அறுவடைக்குப்பின் கோடையில் பாசனத்துடன் கம்பு விதைக்கிறார்கள். பூக்கும் பருவத்தில் 42 டிகிரி வெயிலையும் தாங்கும் ஒட்டுரகங்கள் அதற்கென உள்ளன. ராஜஸ்தான் மானாவாரியில் கிடைப்பதைப்போல மூன்று மடங்கு வரை அங்கு கிடைக்கிறது. புவி வெப்பமடையும் காலத்தில் கோடைக் கம்பு கோதுமைக்கும் நெல்லுக்கும் துணையாகலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். ஆனால், அது மானாவாரி விவசாயியின் பயிர் அல்ல. கிணறு உள்ளவரின் பயிர்.

தமிழகத்திலும் இதே கதை, சிறிய அளவில். 1960-களில் பல லட்சம் ஹெக்டேரில் நின்ற கம்பு, இன்று ஒரு லட்சத்துக்கும் குறைவான ஹெக்டேரில் நிற்கிறது. ஹெக்டேருக்குக் கிடைக்கும் விளைச்சலில் நாட்டின் சராசரியைத் தமிழகம் வெகுவாக முந்துகிறது என்பது உண்மை. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் இறவையிலும் கம்பு பயிராவது இதற்கு ஒரு காரணம். தெற்கே விளாத்திகுளம், கோவில்பட்டிக் கரிசலில் கம்பும் சோளமும் நின்ற நிலங்களை மக்காச்சோளம் எடுத்துக்கொண்டது. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு அது தேவை. வியாபாரி களத்துக்கே வந்து எடுத்துப் போகிறார். 2018-இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு அதே ஆண்டில் தமிழகத்துக்கும் பரவிய படைப்புழு, மக்காச்சோளத்தைச் சூறையாடியபோதும் விவசாயிகள் கூட்டமாகக் கம்புக்குத் திரும்பவில்லை. பூச்சிமருந்து அடித்தாவது மக்காச்சோளத்தைக் காப்பாற்றவே முயன்றனர். வாங்குவதற்கு ஆள் உள்ள பயிரை யாரும் எளிதில் விடமாட்டார்கள்.

திரும்ப நினைத்தவருக்கும் தடைகள் உண்டு. ஊரெல்லாம் கம்பு விதைத்த காலத்தில் குருவியும் கிளியும் தின்றது எல்லார் வயலுக்கும் பங்கிடப்பட்டது. இன்று ஒருவர் மட்டும் இரண்டு ஏக்கரில் விதைத்தால் சுற்றுவட்டாரப் பறவைகள் அனைத்தும் அங்கே இறங்குகின்றன. மயில்களின் பெருக்கம் வேறு. காவல் காக்கவும் கதிர் அறுக்கவும் ஆள் கிடைப்பதில்லை. முன்பு மாட்டுக்குக் கம்பந்தட்டை முக்கியம். மாடே இல்லாத வீட்டில் தட்டைக்கு மதிப்பில்லை. ராஜஸ்தானில் கம்பு நிலைப்பதற்கு மணியைப்போலவே தட்டையும் காரணம் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழக அரசு 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதில் விரும்புவோருக்கு இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கேழ்வரகு கிருஷ்ணகிரி, தருமபுரி விவசாயிகளிடமிருந்து வாங்கப்படுவதால், விளையும் இடமும் உண்ணும் இடமும் அருகருகே அமைந்தன. கம்புக்கு இத்தகைய ஏற்பாட்டை வடமாவட்டங்களில் செய்வது கடினமல்ல. மணியாக வாங்கி மூன்று மாதங்களுக்குள் மணியாகவே கொடுத்துவிட்டால் காறும் பிரச்னையும் எழாது; அரைப்பதற்கு ஒன்றியத்துக்கு ஓர் உமி நீக்கும் ஆலை போதும். சத்துணவிலும் அங்கன்வாடியிலும் வாரம் ஒருநாள் சேர்த்தாலே அந்த ஆலைக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும்.

மத்திய அரசின் இலவச உணவுதானியத் திட்டம் 2024 ஜனவரி முதல் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டுள்ளது. அரிசி, கோதுமை, சிறுதானியம் எதுவானாலும் பயனாளிக்கு விலை ஒன்றுமில்லை. ஒரு ரூபாய்க்குச் சிறுதானியம் என்று 2013-இல் சட்டம் வைத்த சின்னச் சலுகையும் இதனால் பொருளிழந்துவிட்டது. இரண்டும் இலவசம் என்னும்போது குடும்பம் எதைக் கேட்கும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். எனவே கம்பை விரும்பி வாங்கும் பகுதிகளில், அதன் அளவைக் கூட்டித் தருவதா, அரிசிக்கு மேலாகத் தருவதா என்பதை மாநிலங்கள்தாம் முடிவு செய்தாக வேண்டும். கரீப் கொள்முதலுக்கான திட்டங்களை மத்திய உணவு அமைச்சகத்துக்கு அறுவடைக்கு முன்பே அனுப்பியாக வேண்டும் என்பதால், அந்த முடிவுக்குரிய காலம் கதிர் முற்றிய பிறகு அல்ல, விதைப்புக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.